அண்ணனின் ஈரக் கைகள்

ஜெர்மனியில் வீட்டுக் கதவைச் சாத்தினாலே அது தானாகப் பூட்டிக்கொள்ளும். வந்த புதிதில் இரண்டு முறை சாவியை உள்ளே வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியே பாராமல் இறங்கிப் போவது இன்றைக்கும் எனக்குச் சற்று வியப்புதான். திருவண்ணாமலையில் என் அண்ணன் எங்கள் வீட்டுப் பூட்டைப் பத்துப் பதினைந்து முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். அப்பாவைப் போல அவரும் பெரிய கோயிலில் குருக்கள். குளித்துவிட்டுக் கிளம்பும்போது வழியில் யார் மேலாவது பட்டோமோ என்று சந்தேகம் வந்தால் போதும், திரும்பி வந்து மறுபடியும் குளிப்பார். மந்திரத்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்றோ என்று தோன்றினால் முதலிலிருந்து தொடங்குவார். ஆசாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று தெருவே சொல்லும். எங்களுக்கும் அதில் பெருமை.

இங்கு வந்து மூன்றாவது குளிர்காலத்தில் எனக்குப் படுக்கையை விட்டு எழவே பிடிக்கவில்லை. சாப்பாடும் ருசிக்கவில்லை. இங்கே எல்லோருக்கும் ‘ஹவுஸ்ஆர்ட்ஸ்ட்’ என்று ஒரு குடும்ப மருத்துவர் உண்டு. என் மருத்துவர் அம்மாள் ரத்தம் எடுக்கச் சொன்னார். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தேன் என்றெல்லாம் கேட்கும் ஒரு படிவத்தையும் நிரப்பவைத்தார். பிறகு, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்றார். இல்லை என்றேன். பயத்தால் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்கிறவர்கள்? நான் சிரித்துக்கொண்டே அண்ணனைப் பற்றிச் சொன்னேன். “ஃப்ரோம்” என்றேன், பக்திமான் என்று பொருள். என் உச்சரிப்பில் கடைசி எழுத்து கரைந்துபோக, அவர் காதில் “ஃப்ரோ” என்று விழுந்தது. அதற்கு மகிழ்ச்சியானவர் என்று பொருள்.

“அப்படியா? அத்தனை முறை குளிப்பது அவருக்கு மகிழ்ச்சியாக இருக்கிறதா?”

திருத்தத்தான் வாயைத் திறந்தேன். ஒரு மத்தியானம் கிணற்றடியில் அண்ணன் தோல் வெளுத்து வெடித்த ஈரக் கைகளை என் முன் நீட்டி அழுதது நினைவுக்கு வந்தது. “போதும்னு தெரியறதுடா. நிறுத்தத்தான் முடியலை.” ஈஸ்வரன் பார்த்துப்பார் என்று சொல்லிவிட்டு நான் பஸ் பிடிக்கப் போய்விட்டேன்.

என் ரத்தத்தில் தைராய்டு குறைந்திருந்தது. அதனால் மனமும் சோர்ந்துபோகுமாம். மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் தேறினேன். அண்ணனையும் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னார். லீவு போட்டு ஊருக்குப் போனேன்.

டவுனில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அண்ணன் அஞ்சியதால், ஆட்டோவில் அடி அண்ணாமலைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“பைத்தியம்னு சீட்டுல எழுதிட்டா என்னை சந்நிதிக்குள்ள விடுவாளாடா?”

“நானும் மாத்திரை சாப்பிட்டுண்டுதான் இருக்கேன், அண்ணா. வா.”

உள்ளே இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். “ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் இதுக்கே போவுதுங்க?” என்றார்.

“அஞ்சு மணி நேரம்.” அண்ணன் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை.

“செத்துடலாம்னு தோணியிருக்கா?”

அண்ணன் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையசைத்தார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இப்போதும் தோன்றுகிறதா என்று கேட்டார். இல்லை என்று உறுதியாகத் தெரியும்வரை அவர் பேச்சை மாற்றவில்லை.

“இது உங்க தப்பு இல்லீங்க. பக்தி ஜாஸ்தியானதும் இல்ல. மூளைக்குள்ள சேதி கொண்டுபோற ரசாயனத்துக்கும் இதுல பங்கு இருக்கு. மாத்திரை இருக்கு. பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆவலாம், நடுவுல விட்றக்கூடாது.”

“சந்நிதிக்கு…”

“சுகருக்கு மாத்திரை போடற குருக்களே உங்க கோயில்ல இல்லீங்களா?”

அண்ணன் சிரித்துவிட்டார். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் டாக்டர் அப்போதே போனில் பேசி, கடிதமும் எழுதிக் கொடுத்தார். அங்கே மாத்திரையோடு, சந்தேகம் வந்தாலும் குளிக்காமல் பொறுத்திருக்கும் பயிற்சியும் கொடுக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் ஒரு குளியலோடு கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறார். சில நாள் தவறுவதும் உண்டு.

போன மாதம் இங்கே ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கும்போது மருத்துவர் அண்ணனைப் பற்றி விசாரித்தார். எனக்கு ஓர் அண்ணன் இருப்பது இந்த ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தேறிவருகிறார் என்றேன். அவர் தட்டச்சு செய்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். என் தைராய்டு அளவுகளுக்குக் கீழே ஒரு வரி: ‘அண்ணன், இந்தியா. முன்னேற்றம்.’