தையல்காரம்மா கையெழுத்துப் போடாத படிவம்

கடைத்தெருக் கோடியில் சட்டை தைத்துப் பிழைக்கும் தையல்காரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். வராமல் என்ன செய்யும்? பதினோரு வருடத்துக்கு முன்னால், பட்டப்பகலில், அவள் கண்ணெதிரே சீருடைக்காரர்கள் அவள் புருஷனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் எலெக்ட்ரீஷியன்; தொழிற்சங்கத்தில் நாலு பேருக்காக வாய் திறந்ததுதான் அவன் செய்த பாவம். மறுநாள் போய்க் கேட்டால், அப்படி ஒருவனைப் பிடிக்கவே இல்லை என்று கூசாமல் சொன்னார்கள். அன்றிலிருந்து அவள் ஏறி இறங்காத படி இல்லை.

போன வாரம் அவர்களே கூப்பிட்டனுப்பினார்கள். வழக்கை நடத்தும் வக்கீலக்காவையும் அழைத்துக்கொண்டு போனாள். மேஜைமேல் ஒரு சட்டை, பக்கத்தில் ஒரு படிவம். காணாமல் போன அன்றைக்கே சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு ஆற்றில் இறங்கியவன் மூழ்கிவிட்டானாம். இறந்துவிட்டான் என்று கையெழுத்துப் போட்டால் கோப்பை மூடிவிடலாம், உனக்கும் நிம்மதி என்று அதிகாரி தேனொழுகப் பேசினார். நிம்மதி யாருக்கு என்று அவளுக்குத் தெரியாதா?

சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் தைத்ததேதான். ஆனால் இரண்டாவது பொத்தான் அவள் கைவேலை இல்லை. அவள் குறுக்காகத் தைத்து, நூலை அடியில் சுற்றி முடிப்பாள். இதுவோ சாக்கு நூலில், கோணல்மாணலாக, முடிச்சு வெளியே தெரிய இருந்தது. எத்தனை முறை சொல்லிக்கொடுத்தும் முடிச்சை உள்ளே மறைக்க வராத கை அவள் புருஷனுடையது. பிடித்துப்போன அன்று காலையில், அவள் தைத்த எல்லாப் பொத்தானோடும் அவன் போட்டிருந்த சட்டை. அன்றைக்கே செத்தவன் எப்போது உட்கார்ந்து பொத்தான் தைத்தான்?

"இது அவரு தைச்ச பொத்தான் சார். நீங்க பூட்டி வச்ச இடத்துல உக்காந்து தைச்சிருக்காரு. அதுக்கப்புறம் அவரை என்ன பண்ணீங்க?"

அதிகாரி சட்டையைப் பிடுங்கப் பார்த்தார், அவள் விடவில்லை. வக்கீலக்கா அதற்குள் பொத்தானைப் படம் பிடித்துவிட்டாள்.

பழைய சமாச்சாரம், வழக்குப் போடும் கெடு எப்போதோ தாண்டிவிட்டது என்று அதிகாரி மழுப்பினார். வக்கீலக்கா விடவில்லை. ஆளைப் பிடித்துப்போய் இல்லையென்று சாதிப்பது ஒரே நாளில் முடிகிற குற்றமில்லை, அவன் கதி என்னவென்று சொல்லும்வரை தொடர்ந்து நடக்கிற குற்றம் என்பதுதான் சர்வதேசச் சட்டம் என்றாள். இதையே திட்டமிட்டுப் பலருக்குச் செய்தால் மனித குலத்துக்கே எதிரான குற்றம் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

தையல்காரம்மா அவர்கள் படிவத்தைத் தள்ளிவிட்டு, புதுப் புகார் ஒன்று எழுத உட்கார்ந்தாள். குற்றம் நடந்த தேதி என்ற இடத்தில், பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதியை அல்ல, எழுதுகிற அந்த நாளின் தேதியையே போட்டாள்.

"நாளைக்கும் வருவேன் சார். நாளைக்குத் தேதியப் போட்டு இன்னொண்ணு தருவேன்."