மலையில் மூன்று வெடி

மொன்டானாவில் என் பக்கத்து வீட்டு வெர்ன் ஹாக்லண்ட் வேட்டைக்கு எடுத்துப்போவது ஒரே தோட்டா போடும் துப்பாக்கி. சுட்டால், திறந்து இன்னொன்று போட வேண்டும். ஐந்து தோட்டா துப்பாக்கி வைத்திருக்கும் அவர் மைத்துனன் டுவெய்ன் விடாமல் சீண்டுவான்.

"குறி தப்பினா என்ன மாமா பண்ணுவீங்க?"

"ஒண்ணுதான் இருக்குன்னா கை அவசரப்படாது மாப்ள. தப்பினா வீட்டுல பீன்ஸ் இருக்கு."

எங்கள் மலையில் அடுத்தடுத்து மூன்று வெடி கேட்டால், யாரோ ஆபத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். போன நவம்பரில் கேட்டது. ஊர் மீட்புக் குழுவில் இருப்பவன் நான்; மூட்டுவலியோடு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன். வெர்ன் பக்கத்தில் டுவெய்ன் தலைகுனிந்து நின்றான். தூரத்தில் ஒரு மான் துள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"யாருக்குய்யா அடி?" என்று கத்தினேன்.

வெர்ன் சாவகாசமாகச் சொன்னார்: "மானுக்கு இல்ல. இவன் மானத்துக்குத்தான்."