பென்சனியரின் பூவும் தென்கரைத் துறையும்

கொழும்பு வெள்ளவத்தையில் என் மகனின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது மரியாதைக்கு. சென்ற வாரம் மாநகரசபை ஆட்கள் அதில் அடைத்துக் கிடந்த ஆகாயத்தாமரையை வாரி, ஒழுங்கையோரம் குவித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் வெயிலில் அது அழுகத் தொடங்கியது. மருமகள் யன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்தாள். நான் ஒன்றைத் திறந்து அதனருகே உட்கார்ந்தேன். கிழவனுக்கு மூக்கும் போய்விட்டது என்று நினைத்திருப்பாள். மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது. சேறும் புளித்த கஞ்சியும் கலந்தது போன்ற அந்த நாற்றம் எனக்கு யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் ஒரு குளக்கரையினுடையது.

ஊரின் பெயரை எழுதமாட்டேன். அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பகுதி. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு பத்திரிகையில் நான் சேர்ந்த புதிது. சைக்கிள் என்னுடையது, அதில் ஏறிப் போகவேண்டிய ஊர்களை ஆசிரியர் தீர்மானிப்பார். நல்ல செய்திகள் தார் றோட்டோரம் இருப்பவர்களுக்குப் போய்விடும். எனக்கு மணல் ஒழுங்கைகள். சைக்கிளில் நான் சென்ற தூரத்தைவிடச் சைக்கிள் என் தோளில் சென்ற தூரம் அதிகம்.

அந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் முழுவதும் சவர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். அதில் பருப்பு வேகாது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கோயிலுக்கும் ஒரே குளம். அந்தக் குளத்துக்கு ஆகாயத்தாமரை வந்தது ஒரு பென்சனியரால். மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றுக் கல்வீடு கட்டியவர். கொழும்பில் ஒரு நண்பர் வீட்டிலிருந்து கொண்டுவந்து, வாசலில் சீமெந்துத் தொட்டியில் வளர்த்தார். ஊதா நிறப் பூ. மேலிதழில் மயிற்கண் போல ஒரு மஞ்சள் புள்ளி. பார்த்தவர் எவரும் குற்றம் சொல்லமுடியாத அழகு. தொட்டி நிறைந்ததும் மிஞ்சியதைக் கோயில் திருவிழாவுக்கு முன் குளத்தில் விட்டார். "குளம் வடிவாய்க் கிடக்கட்டும் எண்டுதானே விட்டனான்" என்று என்னிடம் சொன்னார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. ஒரு மாரி கழிந்தபோது குளத்தைக் காணவில்லை. கோழி நடந்து கடக்கக்கூடிய பச்சைப் பாய் ஒன்று கிடந்தது.

அந்தப் பூண்டை வளர்க்கவே கூடாதென்று அப்போதே சட்டம் இருந்தது. ஓர் அதிகாரி வந்து பார்த்து, குளத்துக்குப் பொறுப்பானவர்கள் கோட்டுக்கு வந்து தண்டம் கட்டவேண்டியிருக்கும் என்று ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் அனுப்பப்பட்டது அந்தச் செய்திக்காகத்தான்.

நான் போவதற்கு முன்பே ஊரின் இளைஞர்கள் ஒருமுறை முயன்றிருந்தார்கள். வேட்டி நனையாமல், கரையில் நின்றபடி, கொக்கத்தடியில் கத்தியைக் கட்டி வெட்டினார்கள். வெட்டிய துண்டுகள் மிதந்து போய் ஒவ்வொன்றும் தனித்தனியே குடும்பம் வைத்தன. இழுத்துப் போட்டதைக் கரையிலேயே குவித்தார்கள். மழை அதைப் பத்திரமாகக் குளத்துக்குத் திருப்பிக் கொடுத்தது.

ஆகவே, இறங்கி வேரோடு பிடுங்கவேண்டும். இடுப்பளவு சேற்றில் இறங்குவதற்கு யாரைக் கூப்பிடுவது? இப்படிப்பட்ட கேள்விக்கு நம்மவர்களிடம் எப்போதும் ஒரு விடை தயாராக இருந்தது. சாதியின் பேரால் அந்தக் குளத்தில் கைவைக்கக் கூடாதென்று ஒதுக்கப்பட்டிருந்த சில குடும்பங்கள் தென்பக்கம் குடியிருந்தன. அவர்கள் குடத்தோடு வந்து கரையில் நிற்பார்கள். குளத்துக்கு உரிமையுள்ள யாராவது மனம்வைத்து, பனையோலைப் பட்டையால் அள்ளி, குடம் தொடாமல் உயரத்திலிருந்து வார்த்துவிடுவார். அதுவரை நிற்கவேண்டும்.

மருதமரத்தடியில் கூட்டம். வள்ளி என்பவளைக் கூப்பிட்டிருந்தார்கள். முப்பது வயதிருக்கும், தென்பக்கத்தாருக்கு வேலை பேசுவது அவள்தான். தம்பி கந்தன் கூட வந்திருந்தான்.

"எடி வள்ளி, நாளைக்கு உன்ரை ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா. உந்தப் பூண்டைப் புடுங்கோணும்" என்றார் விதானையார்.

"குளத்துக்கை இறங்கவோ, நயினார்?"

"பின்னை, கரையிலை நிண்டு ஊதியே எடுக்கப்போறாய்?"

எல்லோரும் சிரித்தார்கள். வள்ளியும் சிரித்தாள்.

"எங்கடை கால் பட்டாத் தீட்டெண்டு நீங்கள்தானே சொல்லுறியள்."

கோயில் மனேச்சர் இதை எதிர்பார்த்து வந்திருந்தார். "அதுக்கு வழி இருக்கு. நீங்கள் ஏறினாப்பிறகு ஐயர் வந்து தண்ணி தெளிச்சுச் சுத்தி செய்வார்."

"தெளிக்கிற தண்ணியை ஐயர் எங்கையிருந்து அள்ளுவார், நயினார்?"

சவர்த் தண்ணீர் சாமிக்கு ஆகாது. ஊரில் வேறு தண்ணீர் இல்லை. மனேச்சர் வெற்றிலையைத் தேடினார். எனக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"அக்கை, விடு" என்றான் கந்தன்.

"நீ விடு. நான் கதைக்கிறன்." அவள் விதானையாரைப் பார்த்தாள். "புடுங்கித் தாறம். ஆனால் தென்கரை எங்களுக்கு. நாங்களே இறங்கி, நாங்களே அள்ளுவம்."

"வாத்துவிடுறம்தானே. எப்பவாவது இல்லையெண்டு சொன்னமோ?"

"இல்லையெண்டு சொல்லேல்லை. நில்லெண்டுதான் சொன்னனியள். என்ரை பிள்ளை காய்ச்சலிலை கிடக்கேக்கையும் இந்தக் கரையிலை வெறுங்குடத்தோடை நிண்டனான். தண்ணி என்ரை காலடியிலை கிடந்தது."

சிரித்தவர்கள் இப்போது தரையைப் பார்த்தார்கள். விதானையார் மேலே கிளைகளைப் பார்த்து, "பாப்பம்" என்றார்.

யாழ்ப்பாணத்தில் 'பாப்பம்' என்றால் இல்லை என்று பொருள். சம்பந்தம் கேட்டுப் போனவர்களுக்கு இது தெரியும். சம்பள உயர்வு கேட்டுப் போன எனக்கும் தெரியும். வள்ளிக்கும் தெரியாமலில்லை. ஆனால் அவள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள். அத்தனை பேர் முன்னிலையில் அவர் மறுக்கவும் இல்லை.

மறுநாள் தென்பக்கத்து ஆணும் பெண்ணும் வரிசையாகக் கைகோத்து இறங்கினார்கள். வேரோடு கிளப்பி, கடகங்களில் தூக்கி, கரைக்கு அப்பால் வெகுதூரத்தில் மேட்டுநிலத்தில் உலரப் போட்டார்கள். தென்கரையோரம் தண்ணீர் வெளியே வந்தது. கறுப்பாகக் கிடந்து, மெல்லத் தெளிந்தது. திரும்பவும் பூண்டு மிதந்து வராமல் குறுக்கே மூங்கிலும் கயிறும் கட்டினார்கள். கட்டி முடித்ததும் கரையேறிவிட்டார்கள்.

"மிச்சம்?" என்றார் விதானையார்.

"தென்கரையிலை நாங்கள் ஒரு மாசம் அள்ளட்டும். மிச்சத்தைப் பாப்பம், நயினார்" என்றாள் வள்ளி.

அடுத்த நாள் காலை அவள் குடத்தோடு இறங்கினாள். முழங்காலளவில் நின்று குடத்தைச் சரித்தாள். குடம் நிறைகிற அந்தச் சத்தத்தை நான் கரையிலிருந்து கேட்டேன். அவ்வளவுதான். ஆனால் அன்று பின்னேரமே புகையிலைத் தோட்டங்களில் தென்பக்கத்தாருக்கு வேலை இல்லை என்றாகிவிட்டது. கந்தனின் வேலி நட்டநடுப் பகலில் எரிந்தது. பிறகு ஒரு விடியலில் பார்த்தால், மூங்கிலுக்கு இந்தப் பக்கம் ஆகாயத்தாமரை. பூண்டுக்குக் கால் முளைக்கவில்லை. கைகள்தான் தூக்கிப் போட்டிருந்தன. கோட்டுக்குப் போனாலும் பரவாயில்லை, தண்ணீர் நாறினாலும் பரவாயில்லை என்று எண்ணியவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள்.

"இனி என்ன செய்யப்போறியள்?" என்று வள்ளியிடம் கேட்டேன்.

அவள் ஏற்கெனவே சேலையை வரிந்துகட்டிக்கொண்டிருந்தாள். "எறியிறவைக்குக் கை நோகுமட்டும் எடுப்பம்."

நான் இரண்டு பத்தி எழுதினேன். ஆசிரியர் நல்ல மனிதர், சந்தாதாரர்களை நேசிப்பவர். மறுநாள் பத்திரிகையில் வந்தது ஒரே வரி: விதானையாரின் பெருமுயற்சியால் குளம் துப்புரவாகி வருகிறது. அடுத்தமுறை வள்ளி என்னைக் கண்டதும் குளத்துக்குள் நின்றபடியே கூப்பிட்டாள்: "பேப்பர்க்காற ஐயா! விதானையார்தானாம் இறங்கினவர். கொஞ்சம் இந்தப் பக்கமும் வரச்சொல்லுங்கோ. இஞ்சை வேர் பெரிசு." தண்ணீருக்குள் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. என் பத்திரிகைக்குக் கிடைத்த முதல் நேர்மையான விமர்சனம் அதுதான்.

எறிந்தார்கள்; எடுத்தார்கள். பங்குனி முழுவதும் இப்படிப் போயிற்று. சித்திரையில் குளம் வற்றத் தொடங்கியதும் மற்றக் கரைகளில் பூண்டு சேற்றில் படிந்து அழுகியது. அதன் கீழிருந்த தண்ணீர் தேயிலைச் சாயமாயிற்று. குடிக்கத்தக்க தண்ணீர் தென்கரையில் மட்டும்.

ஒரு காலையில் விதானையாரின் மனைவியே குடத்தோடு அங்கே வந்தார். கீழே வள்ளியும் இன்னும் சில பெண்களும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா கரையிலே நின்றார். இறங்கவும் முடியவில்லை, வெறுங்குடத்தோடு திரும்பவும் முடியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வள்ளி நிமிர்ந்து பார்த்தாள். பட்டை கையில் இருந்தது. ஏதாவது குத்தலாகச் சொல்லுவாள் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன். என் தொழில் அது. அவள் குனிந்து தன் குடத்துக்குத் தண்ணீர் அள்ளினாள்.

கடைசியில் அந்த அம்மாதான் பேசினார். "கொஞ்சம் விலத்துங்கோடி. நான் அள்ளிக்கொண்டு போறன்."

"விலத்தத் தேவையில்லை, நாச்சியார்" என்றாள் வள்ளி. "இடம் கிடக்கு."

ஒருத்தியும் அசையவில்லை. அந்த அம்மா சேலைக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர்களுக்கு நடுவே, அதே தண்ணீரில் குடத்தைச் சரித்தார். நிரம்பியதும் ஏறிப் போனார். அதன்பின் தென்கரைப் பக்கம் யாரும் பூண்டு எறியவில்லை. அப்படித் தடையில்லாமல் ஒரு மாதம் அள்ளிய பிறகு தென்பக்கத்தார் மிச்சக் குளத்தையும் பிடுங்கிக் கொடுத்தார்கள்.

இன்று அந்தக் குளம் பாதி தூர்ந்து போயிற்று. குழாய் வந்துவிட்டது. வெறுங்குடத்தோடு கரையில் காத்து நிற்கும் வழக்கமும் இல்லை. பக்கத்து ஊர்களில் அது பிறகும் நெடுநாள் இருந்தது. காலம் மாறியது, அதுவும் மறைந்தது என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். நான் அந்தக் கரையில் நின்று பார்த்தவன். காலம் அங்கே வந்து ஒரு பூண்டைக்கூடப் பிடுங்கவில்லை.