ஈஸ்டர் வரை ஓட்டம்

1972 ஏப்ரல் 3, திங்கள் என்று அச்சிட்ட நாட்காட்டித் தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் ஓரத்தில் என் மாமா பென்சிலால் 'அதே எடை' என்று எழுதியிருக்கிறார். ஈஸ்டருக்கு மறுநாள் அது. எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினைந்து.

அக்கா பருமன். பள்ளியில் அவளைப் பீப்பாய் என்றார்கள். அதைவிட அவளை வருத்தியது மூச்சுதான். ராயபுரத்தில் தண்டவாளங்களைக் கடக்கும் நடைமேம்பாலத்தில் இரு பக்கமும் பாதிப் படியில் ஒரு திருப்பம் உண்டு. அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். இரவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தால்தான் தூக்கம். உடம்பு குறையாவிட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அம்மா அவளுக்குச் சோற்றைக் குறைத்தாள். அவள் அழுதால் மறுபடியும் போட்டாள்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்தார், குத்துச்சண்டைக்காரர். தமக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னார்: ஓட்டம். வயசுப் பெண் கடற்கரையில் ஓடுவதா என்று அப்பா துள்ளினார். வழி கண்டுபிடித்தது அம்மா. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தவக்காலத்தில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு ஒறுத்தல் உண்டு. அம்மா காப்பியை விடுவாள், அப்பா பீடியை. அக்காவின் ஒறுத்தல் ஓட்டமாக இருக்கட்டும் என்றாள். கடவுளுக்கு என்று சொன்னபின் அப்பாவால் மறுக்க முடியவில்லை.

"ஈஸ்டர் வரிக்கும்தான். எடை எறங்குனா மேல பேசலாம்" என்றார்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, நெற்றிச் சாம்பலோடு, அக்காவை மாமாவின் ஆபீசில் பார்சல் நிறுக்கும் மேடையில் நிற்க வைத்து எடை பார்த்தார்கள்.

காசிமேட்டு மணலில் படகுகளை வரிசையாக ஏற்றி வைத்திருப்பார்கள். விடியும்போது மாமா அவளைக் கூட்டிப்போவார், துணைக்கு நான்.

"இந்தப் படகுலேர்ந்து அந்தப் படகு வரிக்கும் நாய் தொரத்துற மாதிரி ஓடு. அடுத்த படகு வரிக்கும் கோயில்ல நன்மை அப்பம் வாங்க வரிசைல போற மாதிரி நட. மறுபடி நாய்!"

வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் ஒருநாள் குரல் கொடுத்தார். "இன்னா பாக்ஸரு, லாரிய தள்ளிகினு வரியா?"

"தள்ளல மாமு, பின்னால ஓடிகினு கீறேன். புடிக்க முடில" என்றார் மாமா.

அக்கா ஓட்டத்தை விட்டு மணலில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம், குருத்து ஞாயிறு வாக்கில் அவளுக்குச் சமமாக என்னால் ஓட முடியவில்லை. இரவில் ஒரே தலையணை போதுமென்றாயிற்று. வீட்டில் இதை யாரும் பேசவில்லை. ஒறுத்தலின் பலனைப் பெருமையடிக்கக் கூடாது என்பது அம்மாவின் கொள்கை.

ஈஸ்டர் திங்களன்று எல்லோரும் பார்சல் ஆபீசுக்குப் புறப்பட்டோம். பாலத்தில் அக்கா நிற்காமல் ஏறிப் போய், உச்சியிலிருந்து என்னைப் பார்த்துக் கையாட்டினாள். பண்டிகைக்குத் தைத்த புதுத் தாவணி. மேடையில் ஏறியதும் மாமா தராசுக் கம்பியில் எடைக் குண்டை நகர்த்தினார், பின்னுக்குத் தள்ளினார், மறுபடியும் நகர்த்தினார். அது பழைய இடத்திலேயே நின்றது.

"எந்த ஊருக்குப் புக் பண்ணணும்?" என்று ஒரு கூலிக்காரர் கேட்டார். அப்பாவின் முகம் கறுத்தது.

"மச்சான், எடைய வுடு. பொண்ணுக்கு மூச்சு மாறிக்கீது" என்றார் மாமா.

"மூச்ச இந்தத் தராசுல வச்சிக் காட்டு, பாக்கலாம். ஊரு சிரிச்சதுதான் மிச்சம். தவக்காலம் முடிஞ்சிச்சி, ஓட்டமும் முடிஞ்சிச்சி."

திரும்பும்போது அக்கா முன்னால் ஏறினாள். அந்தப் பக்கத்துத் திருப்பத்துக்கு வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முதுகு ஏறி ஏறி இறங்கியது.

"பாத்தியாடா, மூச்சு மாறிச்சின்னியே. பழையபடி நின்னுட்டா" என்றாள் அம்மா தம்பியிடம்.

நானும் மூச்சு வாங்குகிறது என்றே நினைத்தேன். சற்றுமுன் அதே பாலத்தில் அவள் நிற்காமல் ஏறியதைப் பார்த்தவள்தான் நான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அப்பா பீடிக்கும் அம்மா காப்பிக்கும் திரும்பினார்கள். அந்த மழைக்காலத்தில் தலையணைகள் மறுபடியும் அடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அக்கா பள்ளிக்குப் போகவில்லை. 1976 டிசம்பரில் இறந்துபோனாள். நாட்காட்டித் தாளைக் கொடுத்த மாமாவும் இப்போது இல்லை.

அந்தத் திருப்பத்தில் அவள் நின்றது மூச்சு முட்டியா, அழுகை முட்டியா என்பதையும் அந்தத் தாளில் குறித்து வைக்க எனக்கு ஆசை. ஆனால் நாங்கள் அனைவரும் அவளுக்குக் கீழ்ப்படிகளில் நின்றிருந்தோம். முகத்தை யாரும் பார்க்கவில்லை. அழுகை என்றே நம்புகிறேன், உறுதி செய்யப்படவில்லை.