நான் கழுவச் சொன்ன மணல்

மூன்று வருடங்களுக்கு முன்னால், சிங்கப்பூரில், ஜூரோங் பக்கம் ஓர் ஆழமான குழி தோண்டத் தயாராகிக் கொண்டிருந்த நேரம். மண்ணுக்கடியில் என்ன பாறை இருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. துளை போடும் இயந்திரம் கல்லை உருட்டுக்கட்டை மாதிரி நீளநீளமாக வெளியே எடுக்கும். அதைப் பெட்டியில் அடுக்கி, கழுவி, படம் எடுத்து, விவரம் எழுதுவோம். என் படங்கள் பளிச்சென்று இருக்கும் என்று அலுவலகத்தில் பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து வந்த கல்லில், மேலிருந்து கீழாக விரல் அகலத்தில் ஒரு விரிசல். உள்ளே ஈர மணல். இயந்திரத்தை ஓட்டிய அண்ணன் புதுக்கோட்டைக்காரர், என்னைவிட மூத்தவர்.

"மேடம், இது கல்லுக்குள்ளயே இருந்த மணல் மாதிரி தெரியுது. அந்த ஆழத்துல துளைக்குள்ள நாம விட்ட தண்ணியும் மேல திரும்பி வரல, உள்ள எங்கயோ வழி இருக்கு," என்றார்.

"மேலேருந்து விழுந்திருக்கும்ணே. கழுவிடுங்க லா, மழை வர்றதுக்குள்ள போட்டோ எடுக்கணும்."

கொஞ்சம் தயங்கினார். பிறகு கழுவினார். வெறும் விரிசல்தான் மிஞ்சியது. துளை போடும்போது உடைந்தது என்று எழுதினேன்.

ஐந்து மாதம் கழித்து குழி அந்த ஆழத்தை எட்டியது. பக்கச் சுவரில் சோதனைத் துளை போட அதே அண்ணனை இறக்கினார்கள். பாறை கெட்டி என்று நான் எழுதியதை நம்பித்தான் எல்லாரும் அங்கே நின்றார்கள். துளை வழியாகத் தண்ணீரும் மணலும் பீய்ச்சியடித்தன. சுவர் பெயர்ந்து அவர் இடது கால்மேல் விழுந்தது. முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

பிறகு இறங்கிப் பார்த்தேன். எந்தக் காலத்திலோ அடியில் இருந்த ஈர மணல், அழுத்தம் தாங்காமல் பாறையைப் பிளந்துகொண்டு மேலே ஏறி அப்படியே நின்றிருக்கிறது. அடியில் ஒரு முழ அகலம், மேலே போகப்போக விரலளவு. செங்குத்தாக நிற்கும் அந்த மணல் சுவரை, செங்குத்தாக இறங்கும் எங்கள் துளைகள் தொடுவதே அபூர்வம். மற்ற துளைகள் எல்லாம் பக்கத்திலேயே போயும் தொடவில்லை. தொட்டது ஒன்றுதான். அதைத்தான் நான் கழுவ வைத்தேன்.

எங்கள் இருவரைத் தவிர அந்த மணலைப் பார்த்தவர் யாருமில்லை. விசாரணையில் உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் போய்ப் பார்த்தேன். ஊன்றுகோலை மேசையில் சாய்த்து வைத்திருந்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"எம்மேலயும் தப்பு இருக்கு மேடம். இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கணும்."

இரண்டாவது தடவை சொல்ல முடியாத ஆளாக நான் இருந்ததற்கு அவர் தன் காலையும் கொடுத்து, என்னிடமே வருத்தமும் தெரிவித்தாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.