செட்டியார்பட்டி என்ற கிரகம்

அந்தப் பழைய போன் இன்னும் பீரோவில் இருக்கிறது. திரையில் குறுக்காக ஒரு விரிசல். மாதத்துக்கு ஒருமுறை சார்ஜில் போட்டு, ஒரே ஒரு விளையாட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவேன். கறுப்புத் திரையில் பத்துப் பதினைந்து வண்ண வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் எண். வட்டம் என்றால் கிரகம். எண் என்றால் அங்கே நிற்கும் கப்பல்கள். கப்பல்களை அனுப்பி அடுத்தவன் கிரகத்தைப் பிடிக்க வேண்டும். ஒருவர் ஆடினால்தான் மற்றவர் ஆடலாம். இரண்டு டீயின் விலைக்கு வாங்கியது. அதை வைத்துத்தான் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தேன்.

அவரை அண்ணாச்சி என்பேன். என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், பஞ்சைச் சீவும் கார்டிங் பகுதியில் இருவரும் ஃபிட்டர்கள். அவர் காலை ஷிப்ட், நான் அடுத்த ஷிப்ட். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். ஷிப்ட் மாறும்போது மில் வாசல் டீக்கடையில் கால் மணி நேரம் சந்திப்போம். மற்றபடி எங்கள் பழக்கமெல்லாம் விண்வெளியில்தான். கப்பல்கள் போய்ச் சேர மணிக்கணக்கில் ஆகும் என்பதால் ஷிப்டுக்காரர்களுக்கென்றே செய்த விளையாட்டு மாதிரி இருந்தது. கிரகங்களுக்கு ஊர்ப்பெயர் வைத்தோம். அவருடையவை சுந்தரபாண்டியம், மகாராஜபுரம். என்னுடைய பெரிய கிரகம் செட்டியார்பட்டி, என் மனைவி பிறந்த ஊர். கப்பலோடு இரண்டு வரி எழுதியும் அனுப்பலாம். அனுப்பியவர் போனில் அது நிற்காது, பெற்றவர் போனில் மட்டும் இருக்கும்.

மில்லிலும் எழுத ஒரு நோட்டு இருந்தது. ஷிப்ட் முடிந்து போகிறவர் மெஷின்களின் நிலவரத்தை அதில் எழுத வேண்டும். உள்ளதை எவரும் எழுதியதில்லை. எழுதினால் மேலே போகும், ஏன் சரிபண்ணவில்லை என்று கேள்வி வரும். எனவே ‘ஓகே’ என்று கிறுக்கிவிட்டு, எதில் என்ன கோளாறு என்பதை டீக்கடையில் வாயால் சொல்லிக்கொள்வோம்.

ஒரு நாள் அந்தக் கடையில் எல்லார் முன்னாலும் அண்ணாச்சி சொன்னார்: “ஏலே மாப்ள, ஒம் மாமியா ஊரையே புடிச்சிட்டேன்ல! இனிமே எங்கிட்ட கேட்டுட்டுத்தான் விருந்துக்குப் போகணும், பாத்துக்க.” கடையே சிரித்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. நமக்குள்ள சண்டை வேண்டாம் என்று அவர் சொன்னதை நம்பித்தான் செட்டியார்பட்டியின் காவல் கப்பல்களை வேறு பக்கம் அனுப்பியிருந்தேன். இரண்டு நாள் டீக்கடைப் பக்கம் போகவில்லை. அவர் அழைத்தால் போனை எடுக்கவில்லை. அடுத்து ஆட வேண்டியது அவர்தான் என்றாலும், என்ன ஆடினார் என்று பார்க்க விளையாட்டைத் திறக்கவும் இல்லை. நாற்பது வயது ஆம்பளை செய்கிற காரியமா இது?

மூன்றாம் நாளும் டீக்கடைக்குப் போகாமல் நேரே ஷிப்டுக்குப் போனேன். மூன்றாம் நம்பர் மெஷினில் பஞ்சு அடைத்தது. நோட்டில் வழக்கம்போல் ‘ஓகே’. கதவைத் திறந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும். சுற்றிலும் இருக்கும் இரைச்சலில் ஒரு மெஷின் நின்றதா ஓடுகிறதா என்று காதுக்குத் தெரியாது. திறந்தேன், கையை விட்டேன். இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துதான் விளையாட்டைத் திறந்தேன். அன்று மதியமே அண்ணாச்சி அனுப்பிய வரிகள் வந்து கிடந்தன. “மூணாம் நம்பர்ல கதவு ஸ்விட்ச் போச்சு. மெயின அணைக்காம கைய விட்றாத. கோவத்த விடுலே, செட்டியார்பட்டிய நீயே வச்சுக்க.” அந்தக் கிரகத்தை விட்டு அவருடைய கப்பல்கள் எல்லாம் விலகியிருந்தன.

விசாரணையில் மேனேஜர் அவரிடம் நோட்டைக் காட்டினார். “வெளையாட்டுல எழுதி அனுப்பிச்சேன் சார், இவரு போன்ல இருக்கும்” என்றார் அண்ணாச்சி. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். என்னைக் கேட்டார்கள். ஆமென்றால், பார்க்காமல் கையை விட்டது என் தப்பாகிவிடும். வேலையும் போய்விடும் என்று பயந்தேன். “கை போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நான் அத ஆடுறத விட்டுட்டேன் சார்” என்றேன். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், பிழைத்தேன். அண்ணாச்சி என் கைக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார், மேற்கொண்டு வாதாடவில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு ஸ்டோரில் உட்கார்ந்த வேலை கிடைத்தது. விரலை வாங்கியவர் என்ற பெயரோடு போனவரை வேறெந்த மில்லும் சேர்க்கவில்லை.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் அருகில் அவரைப் பார்த்தேன். ஒரு லாட்ஜ் வாசலில் வாட்ச்மேன் சட்டையில் நின்றார். ஒளிந்துகொள்ள நினைத்தேன், அவரே பார்த்துவிட்டார்.

“கை எப்படிலே இருக்கு? குளிருக்கு நோவுதா?”

“இல்ல அண்ணாச்சி.”

“சரி, ஒன் பஸ்ஸு வருது பாரு. போ.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து பழைய போனைச் சார்ஜில் போட்டேன். செட்டியார்பட்டி அப்படியே இருந்தது. அவர் எழுதிய வரிகளும் அழியாமல் இருந்தன. அடுத்து ஆட வேண்டியது நான் என்று கீழே ஒரு சின்ன அம்பு மினுக்கிக்கொண்டிருந்தது. அன்று விசாரித்த மேனேஜர்தான் இப்போதும் இருக்கிறார். மில் ஆபீஸ் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. போனை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.