மூன்று தடவை கேட்க வேண்டும்

இங்கே பினாங்கில், நான் வேலை செய்யும் சரக்குக் கிட்டங்கிக்குத் தினமும் காலை பத்து மணிக்கு ஒரு சீன அம்மாள் டீ கொண்டு வருவார். "டீ?" என்பார். நம் ஊர் வழக்கப்படி வேண்டாம் என்று கையைக் காட்டுவேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். முதல் மாதம் முழுக்க எனக்கு டீ கிடையாது. இன்னொரு தடவை ஏன் கேட்கமாட்டேன் என்கிறார் என்று ஒரே அதிசயமாக இருந்தது.

என்னோடு கப்பலேறி வந்து இதே கிட்டங்கியில் சேர்ந்தவர் ரெங்கராஜு, என் மனைவி செல்லம்மாளின் அண்ணன். நான் எட்டாவதோடு நின்றவன். அவர் திருச்சி காலேஜில் கணக்கில் முதலாவதாக வந்தவர். அப்படிப்பட்ட மூளைக்காரருக்கு மன்னார்புரத்தில் கிடைத்த வேலை ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. பொங்கலன்று மேனேஜர் வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். பாயசம் சாப்பிடுகிறீர்களா என்று அந்த வீட்டம்மா கேட்டு முடிக்கவில்லை, கொண்டாங்க என்றார். இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கினார். அதோடு விட்டாரா? மேனேஜர் ஆசையாகக் காட்டிய புது ஷெட்டின் வரைபடத்தைப் பார்த்து, நாலு பேர் நடுவில், கூரைச் சாய்வு தப்பு, மழைக்கு ஒழுகும் என்றார். ஷெட் ஒழுகத்தான் செய்தது. ஆனால் அதற்கு முன்பே இவர் வேலை போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை ஸ்ரீரங்கத்துக்குப் போகையில் காவிரிப் பாலத்தில் அவருக்கு எடுத்துச் சொன்னேன். முதல் தடவை கேட்டால் வேண்டாம்னு சொல்லணும், ரெண்டாம் தடவை இப்பதான் சாப்பிட்டேன்னு சொல்லணும், மூணாம் தடவை வாங்கிக்கணும். அவர் யோசித்துவிட்டு, "அப்ப நெசமாவே வேணாம்னா என்ன மாப்ள சொல்றது?" என்றார். சன்னிதியில் கையேந்தித் தீர்த்தம் வாங்கியதும் என் காதோரம், "இங்க மட்டும் யாரும் வேணாம்னு சொல்லலையே" என்றார். இவ்வளவு புத்தியுள்ள மனுஷனுக்கு இந்தச் சின்ன விஷயம் ஏன் பிடிபடவில்லை என்று பெருமாளிடமே கேட்டேன்.

போன வருஷம் கிட்டங்கி மேற்பார்வையாளர் வேலை காலியானது. அந்த வேலைக்குக் குடும்பத்தோடு இருக்க வீடும் உண்டு. செல்லம்மாளையும் மகளையும் உப்பிலியபுரத்தில் விட்டுவிட்டு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எல்லாரிடமும் நல்ல பேர் எடுத்தவன் என்பதால் துரை முதலில் என்னைத்தான் கூப்பிட்டு, எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். மனசெல்லாம் ஆசை. வாயோ, என்னைவிடப் பெரியவங்க இருக்காங்க என்றது. மறுபடி கேட்பார் என்று நின்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டு மச்சானைக் கூப்பிட்டார். மச்சான், "வேணும் சார். ஆனா சரக்கு அடுக்கற முறை தப்பு, மாத்தணும்" என்றார். துரை சிரித்துக் கைகுலுக்கினார். மன்னார்புரத்தில் சோற்றைக் கெடுத்த அதே வாய்தான். நல்ல பேர் எடுத்த நான் வெறுங்கையோடு நின்றேன்.

சாயங்காலம் அவர் என் அறைக்கு வந்தார். "தனி ஆளுக்கு அவ்வளவு பெரிய வீடு எதுக்கு மாப்ள? தங்கச்சியையும் புள்ளையையும் வரச் சொல்லுங்க."

"வேண்டாம் மச்சான்." பழக்கதோஷம், வந்துவிட்டது. சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறவர் இவர். எழுந்து கதவு வரைக்கும் போனார். அங்கேயே நின்று, "வரச் சொல்லுங்க. இது ரெண்டாந்தடவை" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மூன்று விரலைக் காட்டினார். "இதோட மூணு."

இப்போது நாங்கள் எல்லோரும் அந்த வீட்டில்தான். போன ஞாயிற்றுக்கிழமை அந்த டீக்கார அம்மாள் வந்திருந்தார். செல்லம்மாள் காபி கொடுத்தாள். வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். இவள் விடவில்லை, டம்ளரோடு வாசல் கேட் வரைக்கும் பின்னாலேயே போனாள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று இவளிடம் சொல்வதா, இன்னும் ஒரு தடவை கேட்பாள், பொறுங்கள் என்று அவரிடம் சொல்வதா? எதைச் சொல்வதென்று தெரியாமல் நடுவில் நின்றேன். கடைசியில் அந்த அம்மாள் திரும்பி, சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் ஏந்தினார், தீர்த்தத்துக்கு ஏந்துவதுபோல.